‘அவுக’ என்றால் ஒருவர்

1

வாசிக்கும் நீங்கள் எனக்குச் சாட்சியாக இருக்க வேண்டும். மேடையேறிய நாள்களில் என் முதல் சொல் எப்போதும் ‘நடுவர் அவர்களே’ என்பதுதான். அதை எந்த உயரத்தில் தொடங்கி எங்கே இறக்கினால் அவை அமைதியாகும் என்று பயிற்சி பெற்றவன் நான். இன்று எனக்கு நடுவர் வேண்டாம்; தீர்ப்பு ஏற்கெனவே தெரியும். நடந்ததை நடந்தபடி சொல்கிறேனா, பழக்கத்தின் காரணமாக அழகுபடுத்துகிறேனா என்று கவனித்துக்கொண்டிருக்க ஒருவர் வேண்டும். அவ்வளவுதான்.

அயர்லாந்துக்கு வந்து ஓராண்டு ஆகிறது. ஓராண்டு நிறைவைப் பற்றி ஊருக்கு எழுத வேண்டிய கட்டுரையை மனத்துக்குள் எழுதி முடித்திருந்தேன். அதில் மழை இருந்தது, தனிமை இருந்தது, ஆடி மாதத்துத் தேனிக் காற்று இருந்தது. கடைசிப் பத்தியில் தாய்மொழியின் பெருமையும் இருந்தது. அந்தப் பத்தியை எழுதும் தகுதியைச் சென்ற மாதம் இழந்தேன். ஆகவே அதற்குப் பதிலாக இது.

2

சிறு நகரம் ஒன்றில், ஒரு வீட்டில், நாங்கள் நான்கு பேர் இருக்கிறோம். எல்லோரும் தேனி மாவட்டத்துக்காரர்கள். ஒருவரை ஒருவர் விசாரித்துத் தேடிப்பிடித்துச் சேர்ந்தவர்கள்.

மூத்தவர் முருகேசன் அண்ணன். ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டத்துக்குச் சொந்தக்காரர். இங்கே இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. ‘பந்தல்ல காய் கொத்துக் கொத்தாத் தொங்கும். இங்கனயும் தொங்குதுப்பா, மாடு’ என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அடுத்து ஆரோக்கியமேரி அக்கா. எங்கள் மாவட்டத்துப் பள்ளத்தாக்கின் கத்தோலிக்கக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். முதியோர் இல்லத்தில் செவிலியர். அவருடைய கணவர் அந்தோணி அண்ணனுக்கு வேறொரு நகரத்து விடுதிச் சமையலறையில் வேலை. வாரத்தில் இரண்டு நாள் விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வருவார். மூன்றாமவன் பாண்டி, லோயர் கேம்ப்காரன். மலையாளி ஒருவரின் உணவகத்தில் பரிமாறுகிறான். கேரள எல்லைச் சாலையில் வளர்ந்ததால் பாதி மலையாளம் அவனுக்கு இலவசமாகக் கிடைத்திருக்கிறது. நான்காமவன் நான். அல்லிநகரம். மேலாண்மை முதுகலை மாணவன். பாண்டியும் நானும் ஒரே அறை. என்னை அவன் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை; ‘பேச்சாளரே’ என்பான்.

அக்காவுக்கு எட்டு வயதில் ஒரு மகள், ஜெர்லின். ஊரில் சித்தி வீட்டில் இருக்கிறாள். அவளை இங்கே அழைத்துவரும் விண்ணப்பத்தில் எல்லாம் முடிந்து ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. குழந்தை இந்த வீட்டில் தங்குவதற்குச் சம்மதம் என்று வீட்டுக்கார அம்மாவின் கடிதம் வேண்டும். குறித்த வெள்ளிக்கிழமைக்குள் அதைச் சேர்த்துவிட்டால் கிறிஸ்துமசுக்கு மகள் வந்துவிடுவாள். அவளும் பள்ளியில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள்: கிறிஸ்துமஸ் குடிலை இந்த வருடம் அம்மாவோடு கட்டப்போகிறேன் என்று.

3

பல்கலைக்கழகத்தில் ஒரு தாள்: சிறு குழுவில் யார் யாரிடம் பேசுகிறார், யார் தலைவர், யார் பின்செல்பவர் என்று கவனித்து எழுத வேண்டும். மற்ற மாணவர்கள் கால்பந்துக் குழுவையும் நூலகக் குழுவையும் தேடிப் போனார்கள். நான் எங்கள் சமையலறையையே எடுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை அக்கா தேவாலயப் பூசை முடிந்து வந்ததும் நால்வரும் சேர்ந்து சமைப்போம். அந்த வாரத்து வேலைப் பங்கீடு அப்போது பேசி முடிவாகும். நான் வெங்காயம் உரித்துக்கொண்டே கவனித்தேன்.

ஆளுக்கொரு வட்டம் வரைந்தேன். ஒருவர் மற்றவரிடம் பேசினால் ஓர் அம்பு. அதிகம் பேசினால் தடித்த அம்பு. முருகேசன் அண்ணனிடமிருந்து தடித்த அம்புகள் எல்லாத் திசையிலும் பாய்ந்தன. என்னிடமிருந்தும். அக்காவின் வட்டத்திலிருந்து மெல்லிய கோடுகள் சில.

அக்கா பேசும் முறை இதுதான்:

“முருகேசண்ணே நேத்தே சொன்னாக, குப்பைத் தொட்டிய வியாழக்கெழமையே வெளிய வைக்கணும்னு.”

அண்ணன் கரண்டியோடு ஒரு கணம் நிற்பார். “நானா சொன்னேன்? ஆமா, சொல்லிருப்பேன். ஏலே பாண்டி, வியாழக்கெழம வச்சிரு.”

“பாண்டி சொல்லுச்சு, குளிக்கிற ரூம்ப காலையில தம்பிக்கு மொதல்ல விட்டுருவோம்னு. காலேசுக்கு நேரமாகுதாம்ல.”

“நானாக்கா?” என்பான் பாண்டி. ஆனால் மறுநாள் எனக்கு வழி விடுவான், ஏதோ கொடை வழங்கிய முகத்தோடு.

நான் என்ன எழுதினேன்? ‘தலைவர்: முருகேசன். கருத்துரைப்பவர்: கட்டுரையாளர். ஆரோக்கியமேரி சொந்தக் கருத்து இல்லாதவர், எப்போதும் மற்றவர் சொன்னதையே எடுத்துச் சொல்பவர், இணங்கிச் செல்பவர்.’ அந்த வீட்டில் நடந்த ஒவ்வொரு காரியமும் அக்கா நினைத்தது. ஒவ்வொன்றுக்கும் வேறொருவரை உரிமையாளராக்கி, அவர் வாயாலேயே ஆணையிடவைத்தார். என் கண் முன்னால், வெங்காயத் தோலுக்கு அப்பால் அது நடந்தது. நான் அம்புகளின் தடிமனை அளந்துகொண்டிருந்தேன்.

அந்தத் தாளுக்கு நல்ல மதிப்பெண் வந்தது. ‘கூர்மையான கவனிப்பு’ என்று பேராசிரியர் குறிப்பு எழுதியிருந்தார். அதை வீட்டில் உரக்க வாசித்துக் காட்டினேன் என்பதையும் சாட்சி குறித்துக்கொள்ளட்டும்.

4

‘சொன்னாக’ என்ற சொல்லைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். மதுரைக்குத் தெற்கிலும் மேற்கிலும் பிறந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை, மற்றவர்களுக்காக. எங்கள் பக்கத்தில் மரியாதைக்குரிய ஒருவர் வந்தால் ‘வந்தாக’ என்போம். ஒரே ஒருவர்தான். அப்பா வந்தாக, டாக்டர் சொன்னாக, சாமியார் போனாக. மனைவி கணவனைக் குறிப்பிட ‘அவுக’ என்றாலே போதும். பெயர் தேவையில்லை, கேட்பவருக்கு ஐயமும் இல்லை.

அல்லிநகரத்தில் மிக்சி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் என் அப்பாவைத் தேடி யார் வந்தாலும் அம்மா, ‘அவுக சாமான் வாங்கப் போயிருக்காக’ என்பார். அந்தத் தமிழில்தான் நான் வளர்ந்தேன். பள்ளி இறுதியில், வெளியூர் மேடை ஒன்றில், உச்சத்தில் நின்று முழங்கிக்கொண்டிருந்தபோது என் வாய் தவறியது. ‘தலைவர் என்ன சொன்னாக தெரியுமா?’ அரங்கம் சிரித்தது. கோப்பை வேறொருவனுக்குப் போனது. அன்றிலிருந்து என் நாக்கைச் சுரண்டத் தொடங்கினேன். ‘வந்தாக’ எங்கே கேட்டாலும் மனத்துக்குள் ‘வந்தார்கள்’ என்று உடனே திருத்திக்கொள்வேன். நாளடைவில் திருத்துவது தெரியாமலேயே திருத்தினேன்.

அம்மாவையும் திருத்தினேன். இப்போது அவர் தொலைபேசியில், ‘அப்பா கடைக்குச் சென்றிருக்கிறார்’ என்று சொல்கிறார், பள்ளி ஆய்வாளருக்குப் பதில் சொல்லும் மாணவியைப் போல. பேச்சு இரண்டே நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. வெளிநாட்டுக்குப் போன பிள்ளைகள் மொழியை மறந்து விலகிப்போவதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். நான் அல்லிநகரத்தில் இருக்கும்போதே விலகியவன்.

5

வீட்டுக்கார அம்மா சனிக்கிழமை காலை வந்தார். கைம்பெண், எழுபதைத் தாண்டியவர், ஊரிலேயே நான்கு தெரு தள்ளிக் குடியிருப்பவர். அவர் வருவதற்கு முன் சமையலறையில் ஒரு சிறு ஆலோசனை நடந்தது.

“நானே பேசிப் பாக்குறேன்” என்றார் அக்கா. “முதியோர் இல்லத்துல தெனமும் இந்த வயசு ஆளுகளோடதான பேசிக்கிட்டிருக்கேன்.”

“ஏத்தா, அது ஊசி போடுற இங்கிலீசு” என்றார் முருகேசன் அண்ணன். “இது பெரிய காரியம். தம்பி பேசட்டும். மேடைகீடை பாத்த ஆளு.”

அக்கா என்னைப் பார்த்தார். ‘வேண்டாம், நீங்களே பேசுங்கள்’ என்று சொல்ல எனக்கு ஒரு கணம் கிடைத்தது. நான் சொன்னது: “நீங்கள் தமிழில் சொல்லுங்கள் அக்கா. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.”

நன்றாகவே தொடங்கியது. வீட்டுக்கார அம்மா தேநீரை வாங்கிக்கொண்டு, குழந்தையைப் பற்றிக் கேட்டார். பிறகு, தாய்க்கு இரவு வேலை இருக்கும் நாளில் குழந்தையோடு யார் இருப்பார்கள் என்று கேட்டார். நான் தமிழில் அக்காவிடம் சொன்னேன்.

“அவுக இருப்பாக. வாரத்துக்கு ரெண்டு நாள் வந்து தங்குவாகள்ல, அன்னிக்கு மட்டுந்தான் ராத்திரி டூட்டி எடுத்துக்கிருவேன்னு சொல்லுங்க தம்பி. இருங்க, பாப்பா போட்டாவக் காட்டுவோம்.” சொல்லிக்கொண்டே அக்கா மாடிக்குப் போனார்.

நான் எழுந்து நின்றேன். ஆம், ஒரே ஒருவர் கேட்பதற்காக எழுந்து நின்றேன். ‘அவுக’ என் மனத்துக்குள் ‘அவர்கள்’ ஆனது. ‘அவர்கள்’ என் வாயில் ஆங்கிலத்தின் ‘தே’ (they) ஆனது. ‘தே’ இங்கே இருப்பார்கள். ‘தே’ ஒவ்வொரு வாரமும் வந்து இரண்டு இரவு தங்குவார்கள்.

“தே?” என்று கேட்டார் அந்த அம்மா.

யார் அந்த ‘தே’ என்று நானும் அப்போது என்னையே கேட்டிருக்கலாம். எனக்கு நேரமில்லை, அடுத்த வாக்கியத்தைச் சமைத்துக்கொண்டிருந்தேன். “அவருடைய மனிதர்கள்” என்று கையை விரித்தேன். “எங்கள் பள்ளத்தாக்கில் உறவுக்கு வீட்டுக்கதவை அடைப்பதே இல்லை. ஒரு குழந்தையை வளர்ப்பதற்கு எத்தனை பேர் வேண்டுமானாலும் வந்து நிற்பார்கள்.”

அவர் கோப்பையைத் தட்டில் வைத்தார். “லவ்லி” என்றார். சற்று நேரம் கழித்து மறுபடியும், “லவ்லி.” அதைக் கைதட்டலாக எடுத்துக்கொண்டேன். அக்கா படத்தோடு இறங்கி வந்தபோது அவர் மழைச்சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். படத்தைப் பார்த்தார். அழகான குழந்தை என்றார். செய்தி அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

“நல்லாப் பேசுனீகளா தம்பி?”

“கவலையை விடுங்கள் அக்கா. கண் கலங்கிவிட்டார்.”

கலங்கவில்லை.

6

திங்கட்கிழமை அக்காவின் கைபேசிக்குச் செய்தி வந்தது. மன்னிக்க வேண்டும், கடிதம் தர இயலாது; வீட்டுக்கு ஏற்கெனவே பலர் வந்து தங்குவது இப்போதுதான் தெரியவந்தது; அப்படிப்பட்ட இடத்தில் குழந்தையையும் வைத்துக்கொள்ளத் தன் பெயரில் கடிதம் கொடுக்க மனம் வரவில்லை.

முருகேசன் அண்ணன் அதை இரண்டு முறை எழுத்துக்கூட்டி வாசித்தார். “பல பேரா? யாருலே வந்து தங்குறது?”

யாரும் பெயர் சொல்லவில்லை. ஆனால் மூன்று பேரின் பார்வையும் பாண்டியிடம் போனது. உணவகத்துக்கு விடுமுறையான நாளில் அவனுடைய நண்பர்கள் சீட்டாட வருவார்கள். சில வேளை சிரிப்புச் சத்தம் தெருவரை கேட்கும்.

“எஞ் சேக்காளிக ராத்திரி தங்குனதே இல்லைண்ணே” என்றான் பாண்டி. பிறகு அவனே, “ஆனா வெளிய இருந்து பாக்குற ஆளுக்கு அப்பிடித்தான தெரியும்” என்றான். அக்கா அடுப்பின் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார். அந்த முதுகை அவன் கொஞ்ச நேரம் பார்த்தான். “சாரமில்லக்கா, பரவாயில்ல. கடைக்கு மேல ஒரு ரூம்பு இருக்கு. நான் அங்கன போயிர்றேன். ஆளு கொறஞ்சா அந்தம்மா ஒத்துக்கிரும்.”

“எதுக்குடா நீ போகணும்?” என்றார் அக்கா. ஆனால் வேறு வழியும் சொல்லவில்லை. எப்போதும் யாராவது ஒருவர் ‘சொன்னதாக’ எதையாவது எடுத்துக் கொடுக்கும் அக்கா, அன்று யார் பெயரையும் எடுக்கவில்லை.

நான் ஆறுதல் சொன்னேன். நீளமாகச் சொன்னேன்.

7

புதன்கிழமை மாலை அழைப்பு மணி அடித்தது. அக்கா சன்னல் வழியே எட்டிப் பார்த்தார்.

“அண்ணே, கதவத் தொறங்க. அவுக வந்துட்டாக.”

முருகேசன் அண்ணன் கதவைத் திறந்தார். அந்தோணி அண்ணன் உள்ளே வந்தார். ஒரு மனிதர். ஒரு பை. மழையில் நனைந்த ஒரு சோடிச் செருப்பு. அவருக்குப் பின்னால் யாரும் இல்லை. முருகேசன் அண்ணன் கதவைச் சாத்திவிட்டார்.

நான் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தேன். ‘அவுக வந்துட்டாக.’ பிறந்ததிலிருந்து கேட்ட சொல். வாழ்நாளெல்லாம் ‘நடுவர் அவர்களே’ என்று ஒற்றை மனிதரைப் பார்த்து ஓராயிரம் முறை முழங்கிய நான், ‘அவர்கள்’ என்பது ஒருவராக இருக்கலாம் என்பதை அந்தச் சனிக்கிழமை அறியாமல் போனேன்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்கு நேரம் இருந்தது. வீட்டுக்கார அம்மாவின் வீடு நான்கு தெரு தள்ளி. ஐவரும் போய்க் கதவைத் தட்டியிருந்தால் வியாழக்கிழமையே கடிதம் கிடைத்திருக்கும். நான் அறைக்குப் போனேன். பாண்டி சட்டைகளை மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான்.

“என்ன பேச்சாளரே, மொகம் இப்பிடி இருக்கு? நான் போறது அம்புட்டு வருத்தமா? இனி நீ கொறட்டைய நிம்மதியா விடலாம்டா.”

நான் சிரித்தேன். வெள்ளிக்கிழமை வந்தது, போனது. மேடையில் எனக்கு ஒருபோதும் சொல்லுக்குத் தட்டுப்பாடு வந்ததில்லை. அந்த மூன்று நாளும் ஒரு வாக்கியம் எனக்கு வரவில்லை. குளிக்கும்போது முன்னுரை தயாரிப்பேன்: ‘மொழிபெயர்ப்பு என்பது ஆறு கடப்பதைப் போன்றது.’ அருவருப்பாக இருக்கும். குழாயை மூடிவிட்டு வந்துவிடுவேன். சொல் தவறியது ஒரு நொடியின் பிழை. மூன்று நாள் வாய் திறக்காதது நான் ஆராய்ந்து எடுத்த முடிவு. இந்த வேறுபாட்டை நீங்கள் மறக்கக் கூடாது.

8

ஞாயிற்றுக்கிழமை அக்கா பூசையிலிருந்து வந்தார். பாண்டியின் பெட்டி மாடிப்படியின் அடியில் நின்றது. அந்தோணி அண்ணனும் அன்று வேலை மாற்றிக்கொண்டு வந்திருந்தார், பாண்டியை வழியனுப்ப. கோழிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. நான் எழுந்து நின்றேன்.

“என்னப்பா, எந்திரிச்சுட்ட? மைக்கு வேணுமா?” என்றார் முருகேசன் அண்ணன்.

உட்கார்ந்தேன். உட்கார்ந்துகொண்டு சொன்னேன். எந்த மொழியில் சொல்வது என்று நான் தேர்ந்தெடுக்கவில்லை, வந்தது இதுதான்: “அக்கா, பாண்டி சேக்காளிக இல்லக்கா. நாந்தான். நீங்க அவுகன்னு சொன்னத நான் ‘தே’ன்னு சொல்லிப்புட்டேன். அந்தம்மா நெறயப் பேருன்னு நெனச்சுருச்சு. புதன்கெழமையே எனக்குத் தெரியும்.”

முருகேசன் அண்ணனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் மேசையைத் தட்டினார். “எலேய், அந்தோணி ஒத்த ஆளுடா! நீ ஊர்வலத்தையே கூட்டியாந்துட்டியே!” சிரிப்பாகத் தொடங்கிய குரல் பாதியில் சிரிப்பாக இல்லை.

அக்கா என்னைப் பார்த்தார்.

“அவுகன்னா ஒரு ஆளுன்னு ஒனக்குத் தெரியாதா தம்பி? நீ அல்லிநகரந்தான?”

அதுவரை என்னை ‘நீங்க’ என்றவர். அந்த ‘நீ’ நெருக்கமா, இறக்கமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கேட்கும் துணிவும் இல்லை.

“புதன்கெழம சொல்லிருந்தா…” என்று தொடங்கினார், முடிக்கவில்லை.

பாண்டிதான் எழுந்தான். பெட்டியைக் காலால் என் பக்கம் தள்ளினான். “பேச்சாளரே, மேல நம்ம ரூம்புக்கே தூக்குடா. மடிச்ச சட்டை கலையாம அடுக்கணும்.” தூக்கினேன், அடுக்கினேன்.

அன்று மாலையே அக்கா என்னையும் அழைத்துக்கொண்டு வீட்டுக்கார அம்மாவின் கதவைத் தட்டினார். “கூட வா. ஆனா வாயத் தொறக்காத” என்றார். வாசலிலேயே நின்று, முதியவர்களிடம் பேசிப் பழகிய மெதுவான ஆங்கிலத்தில், நேராகச் சொன்னார்: என் கணவர், ஒருவர்தான், வாரத்தில் இரண்டு நாள். ஒற்றை விரலை உயர்த்திக் காட்டினார். அந்த அம்மா என்னைப் பார்த்தார். “இந்தப் பையன் ‘தே’ என்றானே?”

“இவர் மரியாதைக்காகச் சொன்னார்” என்றார் அக்கா. “எங்கள் ஊரில் கணவரை அப்படித்தான் சொல்வோம்.”

என் குற்றத்தையும் எனக்கே ஒரு பெருமையாக மாற்றிக் கொடுத்துவிட்டார், முருகேசன் அண்ணனுக்குக் குப்பைத் தொட்டியைக் கொடுத்ததைப் போல. அந்த வாசலில் நின்றபோதுதான் என் வட்டங்களும் அம்புகளும் எவ்வளவு பொய் என்று எனக்குத் தெரிந்தது. கடிதம் கிடைத்தது. வெள்ளிக்கிழமை திரும்பக் கிடைக்கவில்லை. புது விண்ணப்பம் போட வேண்டும்; எல்லாம் சரியாக நடந்தால் ஈஸ்டருக்குப் பிறகு குழந்தை வரலாம்.

9

வீடு திரும்பியதும் அக்கா சமையலறையிலிருந்தே காணொளியில் மகளை அழைத்தார். ஊரில் அப்போது தூங்கப்போகும் நேரம். ஜெர்லின் தலை நிறைய எண்ணெயோடு திரையில் வந்தாள். கிறிஸ்துமசுக்கு இல்லை என்று அக்கா சொன்னதும் முகம் சுருங்கியது. ஏன் என்று கேட்டாள்.

அக்கா கைபேசியை என்னிடம் நீட்டினார். “நீயே சொல்லு.”

எட்டு வயதுக் குழந்தைக்கு முன்னால் எந்த முன்னுரையும் கிடையாது. சொன்னேன்: நான் தப்பாகச் சொல்லிவிட்டேன், தெரிந்த பிறகும் சொல்லாமல் இருந்துவிட்டேன், அதனால்தான். அவள் என்னைக் கூர்ந்து பார்த்தாள். பிறகு எனக்கு அப்பால் இருந்த தாயிடம் கேட்டாள்:

“அம்மா, இந்த மாமாவா தப்பாச் சொன்னாக?”

சொன்னாக. தன் கிறிஸ்துமசைக் கெடுத்தவனுக்கும் அந்தப் பிள்ளை மரியாதையைக் குறைக்கவில்லை. அரங்கம் சிரித்த நாளிலிருந்து நான் சுரண்டி எறிந்த அந்த ‘ஆக’, எனக்கே வந்து சேர்ந்தது.

முருகேசன் அண்ணன், அந்தோணி அண்ணன், பாண்டி எல்லோரும் கேட்க, கைபேசியை அக்காவும் தெரியும்படி பிடித்துக்கொண்டு நான் உரக்கச் சொன்னேன்:

“பாப்பா, ஒங்கம்மா சொல்றத இனிமே மொதல்ல அவுககிட்டயே திருப்பிச் சொல்லுவேன். ‘ஆமா, இதத்தான் சொன்னேன்’னு அவுக சொன்ன பெறகுதான் அடுத்த ஆளுகிட்ட வாயத் தொறப்பேன்.”